பீமன் கையில் எந்தக் கதை? குரல் மென்பொருள் தப்பாகப் படிப்பதும் அதற்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பதும்

"பீமன் கதையைச் சுழற்றினான்" என்ற வரியைத் தமிழ் தெரிந்த யாரும் தடுமாறாமல் வாசித்துவிடுவார்கள். சுழற்றக்கூடியது ஆயுதம்தான் என்று தெரியும், அதனால் முதல் எழுத்தை, 'தங்கம்' என்ற சொல்லின் நடுவில் வரும் க மாதிரி ஒலிப்பார்கள். அதே வரியைக் கணினிக் குரலிடம் கொடுத்தால், 'கண்' என்பதில் வரும் க-வைப் போட்டு, பீமன் ஏதோ ஒரு சிறுகதையைச் சுழற்றியதாகப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கண்ணால் படிப்பவருக்கு இது சிரிப்பு. காதால் மட்டுமே படிப்பவருக்கு அந்த வரியே போச்சு.

இந்த விஷயத்தில் இப்போது குழப்பம் கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பொருள்களும் சேவைகளும் இருக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது, மின்னூல்களும் அதற்குள் வருகின்றன. அங்கே விற்க நினைக்கும் பதிப்பகங்கள் கோப்புகளைச் சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்க்கின்றன, எல்லாம் பச்சை. ஆனால் அதே கோப்பைத் திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்குச் சொல்லும் மென்பொருளில், போட்டால் பெயர்கள் சிதைகின்றன, எண்கள் உளறுகின்றன. தேறிய கோப்பு ஏன் தப்பாகப் படிக்கிறது? சுருக்கமான பதில்: திரைவாசிப்பான் போன்ற உதவித் தொழில்நுட்பத்தைக் கோப்பு தடுக்கக்கூடாது என்கிறது விதி. உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. நீளமான பதில் கீழே.

குரல் எப்படி உருவாகிறது

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளை டிடிஎஸ் என்பார்கள். திரைவாசிப்பான் வேறு, டிடிஎஸ் வேறு. என்விடிஏ, ஜாஸ், வாய்ஸ்ஓவர், டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் திரையில் என்ன இருக்கிறது, எதை இப்போது சொல்ல வேண்டும் என்று முடிவு செய்பவை. அவை கொடுக்கும் எழுத்துச் சரத்தை வாங்கி ஒலியாக்குவதுதான் டிடிஎஸ் இயந்திரத்தின் வேலை. இந்தப் பிரிவினை நினைவில் இருக்கட்டும், கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இயந்திரத்துக்குள் நடப்பது, பழைய பாணியில் சொன்னால், நான்கு படி:

1. சீராக்கம். எண், சுருக்கம், தேதி, குறியீடு எல்லாவற்றையும் வாயால் சொல்லக்கூடிய சொற்களாக விரிப்பது.
2. எழுத்திலிருந்து ஒலியனுக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த ஒலிகள் என்று விதியாலோ அகராதியாலோ தீர்மானிப்பது.
3. ஏற்ற இறக்கம். எங்கே நிறுத்துவது, எதை அழுத்துவது.
4. ஒலியலை. காதில் விழும் சத்தம்.

2016-இல் வேவ்நெட் என்ற நரம்பியல் வலைக் குரல் முறை வந்ததிலிருந்து நான்காவது படி வெகுவாக மாறிவிட்டது, குரல் மனிதக் குரல் மாதிரியே கேட்கிறது. அதற்குப் பிறகு வந்த நரம்பியல் வலை முறைகளில் மற்றப் படிகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆனால் குரல் இனிமையாவது வேறு, உச்சரிப்பு சரியாவது வேறு. தப்பையே தேன் மாதிரிச் சொல்கிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் இது இன்னும் மோசம். கரகரத்த பழைய குரல் தப்பாகச் சொன்னால் கேட்பவருக்கு உடனே சந்தேகம் வரும், இப்போது வராது.

தமிழில் எங்கே சறுக்குகிறது

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் இயந்திரத்துக்கு எளிது என்றுதான் தோன்றும். ஆங்கிலத்தில் 'ரீட்' என்றும் 'ரெட்' என்றும் ஒரே எழுத்துக்கூட்டலைப் படிக்க வேண்டிய தொல்லை நமக்கு அதிகம் இல்லை. தமிழின் வல்லின எழுத்துகளுக்கு இட விதி இருக்கிறது: சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஒரு ஒலி, இரட்டித்தால் ஒன்று, மெல்லினத்துக்குப் பின்னால் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவில் ஒன்று. மக்கள், மங்கை, மகன் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே க மூன்று விதமாக வருவது தெரியும். இந்த விதியை நிரலாக எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

சிக்கல் இரவல் சொற்களிலும் பெயர்களிலும் தொடங்குகிறது. காந்தி, பாரதி, குரு, பூமி, பஸ், பயம் எல்லாமே தொடக்கத்தில் தொண்டை அதிரும் ஒலி கொண்டவை, இட விதியோ அதிராத ஒலியைத்தான் கொடுக்கும். அகராதியில் சேர்த்துச் சமாளிக்கலாம் என்றால், அடுத்து 'பாவம்' வந்து நிற்கிறது: 'பால்' என்பதில் உள்ள ப போட்டால் புண்ணியத்துக்கு எதிர், 'கம்பம்' என்பதன் நடு ப போட்டால் நடனத்தில் முகத்தில் வருவது. 'கதை' போலவே இதற்கும் அகராதி உதவாது, சூழல் வேண்டும். 'அவள் முகத்தில் பாவம் தெரிந்தது' என்ற வரிக்கு மனிதர்களே இரண்டு விதமாகச் சண்டை போடலாம். எழுதியவருக்கு மட்டும்தான் உறுதியாகத் தெரியும்.

எண்கள் இன்னொரு தலைவலி, நான் பார்த்தவரை பேசப்படுவதைவிடப் பெரிய தலைவலி. 'நூறு' என்ற சொல் வேற்றுமை உருபு ஏற்றால் 'நூற்றுக்கு' என்று ஆகிவிடும். ஆகவே '100-க்கு 60 பேர்' என்று எழுதியிருந்தால் 'நூற்றுக்கு அறுபது பேர்' என்று வர வேண்டும். எண்ணைத் தனியாக விரித்து உருபைத் தனியாக ஒட்டும் இயந்திரம் 'நூறு, கு, அறுபது பேர்' என்கிறது. '1947-ல்' என்பது 'நாற்பத்தேழில்' என்று முடிய வேண்டிய இடத்தில் 'நாற்பத்தேழு, ல்' என்று நாக்கு மடங்கி நிற்கிறது. '3-4' இன்னும் வேடிக்கை: நாள்கணக்கில் 'மூன்று நாலு நாள்', கணக்குப் பாடத்தில் 'மூன்று கழித்தல் நான்கு', ஆட்ட முடிவில் 'மூன்றுக்கு நான்கு'. 'கி.மு.' என்பதைக் 'கி' என்று சொல்லி ஒரு வாக்கியம் முடிந்ததாக நினைத்து நிறுத்தி, 'மு' என்று புது வாக்கியம் தொடங்கும் குரல்களும் உண்டு.

இது தமிழுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. ஜப்பானியப் பெயர்களை எழுதிய காஞ்சி என்னும் சீன வழி எழுத்துகளைப் பார்த்து வாசிப்பு இதுதான் என்று ஜப்பானியர்களாலேயே பல நேரம் சொல்ல முடியாது, எழுத்துக்கு மேலே சின்னதாக வாசிப்பு போடும் ஃபுரிகானா வழக்கம் அங்கே கைகொடுக்கிறது. அரபியிலும் ஹீப்ருவிலும் சாதாரண எழுத்தில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

குறிப்பு போடும் முன்: உள்ளே இருப்பது எழுத்துதானா?

உச்சரிப்புக் குறிப்பைப் பற்றிப் பேசும் முன் இதைத் தாண்டியாக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் கோப்புக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. குரல் அதைத்தான் படிக்கும். எத்தனை நேர்த்தியான உச்சரிப்பு அகராதி இணைத்தாலும் இதற்கு மருந்து கிடையாது. முதலில், எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரநிலையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

யூனிகோடில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக்கும்போது இன்னொரு விபத்து நடக்கிறது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் கண்ணுக்கு மெய்யெழுத்தின் இடதுபக்கம் தெரிந்தாலும் யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பிறகுதான் வரும். சில மென்பொருள்கள் பிடிஎஃப்பில் பார்வை வரிசையிலேயே எழுதிவிடுகின்றன. விளைவு, 'கொடு' என்பது நகலெடுத்து ஒட்டினால் 'ெகாடு' என்று வருகிறது. பரிசோதனை எளிது: பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் குரலுக்குப் போகிறது.

தப்பான எழுத்துக்கூட்டல் என்னும் குறுக்குவழி

குரல் தப்பாகச் சொல்கிறதா, அது சரியாகச் சொல்லும்படி எழுத்தையே மாற்றிவிடுவோம் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மாற்ற முடியாதென்றால், திரைவாசிப்பானுக்கு மட்டும் போகும் மறைவான பெயர்ப்பட்டையில் ஒலிக்கேற்ற எழுத்துக்கூட்டலைப் போடுவார்கள். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் குறிமொழியில் ஆரியா லேபிள் என்ற பண்பை இதற்காகவே பலர் பயன்படுத்துகிறார்கள். பிடிஎஃப்பில் ஆக்சுவல் டெக்ஸ்ட் என்ற பண்பு இதே வம்புக்கு இழுக்கப்படுகிறது.

இதைச் செய்யவே கூடாது. காரணம் பிரெய்ல். திரைவாசிப்பான் குரலுக்கு அனுப்பும் அதே சரத்தைத்தான் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் திரைக்கும் அனுப்புகிறது. குரலுக்காக 'கி.மு.' என்பதை 'கீமூ' என்று மாற்றினால், பிரெய்லில் படிப்பவருக்கு 'கீமூ' என்றுதான் கிடைக்கும். அவர் மாணவராக இருந்தால் அந்த எழுத்துக்கூட்டலையே கற்றுக்கொள்வார். காது கேளாத, பார்வையும் இல்லாத ஒருவருக்குக் குரலே கிடையாது, பிரெய்ல் மட்டும்தான். அவருக்கு ஒரு பயனும் இல்லாத திருத்தத்துக்காக அவருடைய பாடத்தைக் கெடுக்கிறோம். குரல் கட்டளையால் கணினியை இயக்குபவர் திரையில் தெரியும் பெயரைச் சொல்லுவார், உள்ளே வேறு பெயர் இருப்பதால் அந்தப் பொத்தான் அழுந்தாது.

ஆகவே தேவை இதுதான்: எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும், உச்சரிப்பு அதன் பக்கத்தில் தனியாக இருக்கட்டும், குரல் மட்டும் அதை எடுத்துக்கொள்ளட்டும். உச்சரிப்புக் குறிப்பு என்று சொல்வது இதைத்தான்.

உச்சரிப்பைத் தனியாகச் சொல்ல உள்ள வழிகள்

1. மொழிக் குறி. எல்லோரும் மறப்பது. ஆவணம் தமிழ், இந்த வாக்கியம் மட்டும் ஆங்கிலம், இந்தப் பெயர் பிரெஞ்சு என்று குறித்தால், அந்த மொழிக்கான குரல் பயனரிடம் இருக்கும் பட்சத்தில் அது மாறிப் படிக்கும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டதும் மௌனமாகத் தாண்டிவிடுவதும் நடக்கும். வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியில் பக்கத்தின் மொழியைக் குறிப்பது அடிப்படையான ஏ நிலை, பகுதிகளின் மொழியைக் குறிப்பது ஏஏ நிலை.

2. எஸ்எஸ்எம்எல். பேச்சுக்கான குறிமொழி. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004-இல் இதன் 1.0 பதிப்பைப் பரிந்துரையாக்கியது (அவர்கள் மொழியில் முடிவான தரநிலை), 1.1 வந்தது 2010-இல். இதில் நமக்கு வேண்டியவை மூன்று. 'ஃபோனீம்' என்ற குறி ஒரு சொல்லைச் சுற்றிப் போட்டு, அதன் ஒலியைப் பன்னாட்டு ஒலிப்பு நெடுங்கணக்கில் எழுதிக் கொடுப்பது. பீமன் பிரச்சினைக்கு நேரடித் தீர்வு. 'சப்' என்ற குறி மாற்று வாசகம் கொடுப்பது, கி.மு. இருக்கும் இடத்தில் 'கிறிஸ்துவுக்கு முன்' என்று சொல், '100-க்கு' இருக்கும் இடத்தில் 'நூற்றுக்கு' என்று சொல். 'சே ஆஸ்' என்ற குறி இது தேதி, இது தொலைபேசி எண், இதைத் தனித்தனி இலக்கமாகச் சொல் என்று வகை சொல்வது. கடைசியானதில் ஒரு வினோதம்: எந்தெந்த வகைகள் உண்டு என்று தரநிலை வரையறுக்கவே இல்லை, இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும்.

3. பிஎல்எஸ். 2008-இல் பரிந்துரையான உச்சரிப்பு அகராதி வடிவம். சொல்லையும் அதன் ஒலியையும் ஒரு தனிக் கோப்பில் பட்டியலிட்டு ஆவணத்தோடு இணைத்துவிட்டால், அந்தச் சொல் வரும் இடமெல்லாம் அந்த உச்சரிப்பு. ஒரு புதினத்தில் ஐந்நூறு இடத்தில் வரும் கதாபாத்திரப் பெயருக்கு அருமையான வழி என்று தோன்றும். ஆங்கிலத்துக்கு அருமைதான். தமிழுக்கு? அகராதி சொல்லை அப்படியே பொருத்திப் பார்க்கிறது. 'காந்தி' என்று ஒரு பதிவு போட்டால் காந்தியை, காந்தியின், காந்திக்கு, காந்தியோடு, காந்தியும், காந்தியைப்போல எதுவும் அதில் பொருந்தாது. ஒரு பெயருக்கு இருபது முப்பது பதிவு போட வேண்டும், அப்போதும் ஒன்று தப்பும். இப்படிச் சொல்லோடு உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழிகளை மனதில் வைத்து இந்த வடிவம் செய்யப்படவில்லை என்பது வெளிப்படை. தவிர, ஒரே எழுத்துக்கூட்டலுக்கு இரண்டு ஒலி இருக்கும் 'கதை' மாதிரிச் சொல்லை அகராதி மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, இடத்திலேயே குறி போட்டுத்தான் ஆக வேண்டும்.

4. சிஎஸ்எஸ் பேச்சு. வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் பேச்சுப் பகுதி. நிறுத்தம், குரல் வகை, எழுத்தெழுத்தாகச் சொல்வது போன்றவற்றுக்கு. ஒலியனை இதால் சொல்ல முடியாது.

5. ரூபி. ஜப்பானியம் போல எழுத்துக்கு மேலே வாசிப்பைப் போடுவது, எச்டிஎம்எல்லிலேயே இருக்கிறது. இது கண்ணுக்காகப் பிறந்தது, காதுக்கு அல்ல. அதனால் சில கருவிகள் கீழ் எழுத்தையும் மேல் வாசிப்பையும் அடுத்தடுத்து இரண்டு முறை படித்துத் தொலைக்கும்.

இவை எந்தக் கோப்பு வடிவத்தில் எப்படி நுழைகின்றன என்பதும் முக்கியம். ஈபப் 3 என்ற மின்னூல் வடிவம் 2011-இல் வந்தபோதே எஸ்எஸ்எம்எல்லின் ஒலியன் பண்பு, பிஎல்எஸ் அகராதி, சிஎஸ்எஸ் பேச்சு மூன்றையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. காகிதத்தில் பார்த்தால் கனவு. ஆனால் வாசிப்பு ஆப்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை, 2023-இல் ஈபப் 3.3 பரிந்துரையானபோது இந்தப் பகுதி முதன்மைத் தரநிலையை விட்டு வெளியே எடுக்கப்பட்டுத் தனிக் குறிப்பாகிவிட்டது. பிடிஎஃப்பில் 2017-இல் வந்த 2.0 பதிப்பு, ஆவணத்தின் கட்டமைப்பு உறுப்புகளில் ஒலியனை எழுதவும் பிஎல்எஸ் அகராதியை இணைக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. வலைப்பக்கங்களுக்கு, அதாவது வெறும் எச்டிஎம்எல்லுக்கு, இன்றைக்கும் ஒரு முடிவான வழி இல்லை. எஸ்எஸ்எம்எல் விவரங்களை டேட்டா பண்புகளில் வைப்பது என்று டபிள்யூ3சி ஒரு வரைவு வைத்திருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே பண்பில் திணிப்பதா, ஆளுக்கொரு பண்பாகப் பிரிப்பதா என்று இரண்டு அணுகுமுறைகளோடு.

குறிப்பு காதுக்குப் போகாமல் எங்கே தொலைகிறது

தரநிலை இருபது வருடமாக இருக்கிறது, இயந்திரங்களில் பலவும் எஸ்எஸ்எம்எல்லைப் புரிந்துகொள்கின்றன. பிறகென்ன? ஒரு சொல் கோப்பிலிருந்து காதுக்குப் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் தெரியும்:

1. எழுதியவர் குறிப்பைப் போடுகிறார். போடுவதற்கு வசதியுள்ள சொற்செயலி அநேகமாக இல்லை, கையால் குறிநிரலைத் திறந்து எழுத வேண்டும்.
2. உலாவியோ வாசிப்பு ஆப்போ கோப்பைத் திறக்கிறது. தெரியாத பண்புகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடுவது இவற்றின் இயல்பு.
3. உலாவி திரைவாசிப்பானுக்கு ஒரு மரத்தை நீட்டுகிறது: இது தலைப்பு, இது பொத்தான், இதன் எழுத்து இது. அந்த மரத்தில் 'ஒலி இது' என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட கிளை இல்லை. பெரும்பாலும் குறிப்பு சாகும் இடம் இதுதான்.
4. திரைவாசிப்பான் வெற்று எழுத்தை வாங்கி இயந்திரத்துக்குத் தள்ளுகிறது.
5. இயந்திரம் வழக்கம்போல ஊகிக்கிறது. குறிப்பு தப்பித்தவறி இதுவரை வந்து சேர்ந்தாலும், புதிய நரம்பியல் குரல்களில் சில ஒலியன் குறியை ஏற்பதே இல்லை.

தேர்வு நடத்தும் தளங்களில் மட்டும் இது ஓரளவு வேலைசெய்வதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. கேள்வித்தாளை உருவாக்குபவர், காட்டும் திரை, உரக்கப் படிக்கும் கருவி மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ். நடுவில் யாருடைய சம்மதமும் தேவையில்லை. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள மாணவருக்குக் கேள்வியைப் படித்துக்காட்டும் குரல் வேதியியல் சூத்திரத்தை உளறினால் மதிப்பெண்ணே போகும் என்பதால், அவர்களுக்கு அவசரமும் அதிகம்.

பயனர் பக்கத்திலிருந்து ஒரு ஒட்டு வேலை உண்டு. என்விடிஏ போன்றவற்றில் பேச்சு அகராதி என்று இருக்கிறது, இந்தச் சொல் வந்தால் இப்படிச் சொல் என்று பயனரே சேர்த்துக்கொள்ளலாம். பலரும் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆனால் அது அவருடைய கணினியில் மட்டும் செல்லும், எல்லா ஆவணத்துக்கும் ஒரே மாதிரி செல்லும். கதாயுதத்துக்காக 'கதை'யைத் திருத்தினால் உலகத்துச் சிறுகதை எல்லாம் ஆயுதமாகிவிடும். அதைவிட, ஒரு பெயரைத் தப்பாகவே கேட்டுப் பழகியவருக்கு அது தப்பு என்று தெரிய வழி ஏது?

இப்போதைக்கு எதைச் செய்வது

முன்பு சொன்ன வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியில் உச்சரிப்பு என்ற அளவுகோல் மிக உயர்ந்த ஏஏஏ நிலையில்தான் இருக்கிறது, அதுவும் உச்சரிப்பு தெரியாவிட்டால் பொருளே குழம்பும் சொற்களுக்கு மட்டும். சொல்லுக்குப் பக்கத்திலேயே உச்சரிப்பைக் கண்ணுக்குத் தெரிய எழுதிவைத்தாலும் அந்த அளவுகோல் நிறைவாகிவிடும். சட்டத்துக்காகச் செய்பவர்கள் இங்கே நிற்கலாம். வாசகருக்காகச் செய்பவர்களுக்கு வேலை இருக்கிறது, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு.

எல்லாச் சொல்லுக்கும் குறிப்பு போட வேண்டாம். திரைவாசிப்பானில் தினமும் படிப்பவர்களில் பலர் நாம் பேசும் வேகத்தைவிட அதிக வேகத்தில் கேட்பவர்கள், சாதாரணத் தப்புகளைக் காதே திருத்திக்கொள்ளும். குறிப்பை அதிகமாகப் போட்டால் வேறு ஆபத்தும் உண்டு. ஒலியனில் எழுதிவிட்டால் அது பயனர் தேர்ந்தெடுத்த குரலின் வட்டார வழக்கை மீறி நம்முடைய உச்சரிப்பைத் திணிக்கும், அந்தக் குரலில் இல்லாத ஒலியைக் கேட்டால் இயந்திரம் விசித்திரமாக எதையாவது துப்பும். மாற்று வாசகத்தால் தீரும் இடத்தில் ஒலியனைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி.

வரிசை இப்படி இருக்கலாம். முதலில் யூனிகோட், சரியான எழுத்து வரிசை. அடுத்து மொழிக் குறி. இந்த இரண்டும் இன்றே பெரும்பாலான கருவிகளில் பலன் தருபவை. மூன்றாவதாக, எழுத்திலேயே தீர்க்க முடிந்ததை எழுத்திலேயே தீர்ப்பது: '100-க்கு' என்பதை 'நூற்றுக்கு' என்றும், முதல்முறை வரும் சுருக்கத்தை விரித்தும் எழுதினால் குறிப்பே தேவையில்லை, கண்ணால் படிப்பவருக்கும் நல்லதுதான், பிரெய்லுக்கும் கேடில்லை. 'கதை' என்பதைக் 'கதாயுதம்' என்று எழுதலாமே என்றால், கட்டுரையில் எழுதலாம். கவிதையில் முடியாது, பழைய நூலைப் பதிப்பிக்கும்போதும் முடியாது, அங்கேதான் குறிப்பு தேவைப்படுகிறது. மின்னூல் என்றால் அந்த இடத்தில் ஒலியன் பண்பைப் போட்டு வையுங்கள். ஆதரிக்காத ஆப் அதை ஒதுக்கிவிட்டுப் பழையபடி படிக்கும், எதுவும் உடையாது. உச்சரிப்பே உயிராக உள்ள நூலுக்கு, அதாவது மொழிப்பாடம், செய்யுள் போன்றவற்றுக்கு, மனிதக் குரலில் பதிவுசெய்து எழுத்தோடு வரிவரியாக இணைக்கும் மீடியா ஓவர்லே வசதி ஈபப்பில் இருக்கிறது. செலவு அதிகம், ஆனால் ஊகத்துக்கு இடமில்லை.

கடைசியாகச் சோதனை. தானியங்கிக் கருவி இதைப் பிடிக்காது, கேட்டுத்தான் பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு வெவ்வேறு குரலில், திரையைப் பார்க்காமல், பெயர்ச்சொல்லும் எண்ணும் அதிகமுள்ள பக்கமாக எடுத்துக் கேளுங்கள். பிரெய்ல் திரை கையில் இல்லாவிட்டாலும் பிரெய்லுக்கு என்ன போகிறது என்பதை எழுத்தாகக் காட்டும் பிரெய்ல் பார்வையாளன் என்விடிஏ-விலேயே இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பக்கத்தை ஒருமுறை ஓட்டினால், குரலுக்காகச் செய்த திருத்தம் எதாவது எழுத்துக்குள் கசிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.